யோனாவுக்கு ஏழு நாள்

முதல் அத்தியாயத்தில் யோனாவுக்குத் தாடி இருந்தது.
தென்னந்தும்புத் தாடி.
இரணைப்பாலையில் பாஸ்கு மேடையேறும் யூதர்களுக்கு
பீற்றர் மாஸ்டர் கட்டிவிடுவது.
நூல் காதை அறுக்கும்,
வசனத்தைவிடச் சொறிவதுதான் அதிகம்.
நான் அறிந்த யூதர் அவ்வளவுதான்.
மூன்று பேர், கையில் ஈட்டி,
ஒருவர் எங்கள் சங்கக்கடை மனேஜர்.

தாடியை எடுத்துவிட்டேன்.
கண்ணிவெடி அகற்ற வந்தவனுக்கு
முகக்கவசத்துக்குள் தாடி எதற்கு?

பிறகு சாப்பாடு.
இரண்டாம் பக்கத்திலேயே சுறாப் புட்டு கொடுத்திருந்தேன்,
இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான், பாவம்.
செதிளில்லாத மீன் ஆகாதாம்.
இறால், நண்டு, கணவாய்:
நந்திக்கடலில் பாதி ஆகாது.
விளைமீன் ஆகும்.
மரை இரட்டைக் குளம்பு, அசைபோடும், ஆகும்.
வெடிவைத்து விழுத்தினால் ஆகாது,
அதற்கென்று கத்தி, அதற்கென்று படித்த ஆள்.
தேன் ஆகும். தேனீ ஆகாது.
கச்சேரியில், காணிக்கிளை மேசையில்,
தனியே சிரித்தேன்.
சரி, தேனும் விளைமீனும் தின்று
எங்கள் காட்டில் உயிர்வாழட்டும் என்றால்
நவோமி கேட்டு எழுதுகிறாள்:
விளைமீன் வெந்த சட்டியில் நேற்று என்ன வெந்தது?

நவோமி ஒருகாலம் வவுனியா ஆஸ்பத்திரியில் தாதி.
இப்போது மொன்றியலில், பனிக்குள்.
கோயிலுக்குப் போவதில்லையாம்,
அம்மா செத்தபோது மட்டும்
வீட்டுக் கண்ணாடிகளைத் துணியால் மூடினாளாம்.
யூதர் என்ன செய்வார் என்று என்னைக் கேளாதே,
உன்னுடைய ஆள் எதை விட்டுவிட்டான்,
எதை விட முடியாமல் நிற்கிறான், அதைச் சொல்
என்று ஒருமுறை கோபித்தாள்.

யோசித்தேன். வெள்ளிக்கிழமையை விடமாட்டான்.
இருட்டியபின் விளக்கேற்ற வைத்திருந்தேன், பிழை.
பொழுதுபட முதல், பதினெட்டு நிமிடம்.
அதன்பின் நெருப்பைத் தொடுவதில்லை.
சிவப்புத் தலைக் கட்டைகள்
வெட்டைக்குள் நட்டபடி நிற்கும்,
சனி இரவு மூன்று வெள்ளி தெரியும்வரை.
வெள்ளியில் தொடங்கி வெள்ளியில் முடிவது
தமிழில் மட்டும் நடக்கும்.
இதை அவளுக்கு விளங்கப்படுத்த
ஒரு பக்கம் எழுதி, அனுப்பவில்லை.

ஏழாம் அத்தியாயத்தில் செய்தி வருகிறது.
எங்கோ ஒரு கடலில் தம்பியின் படகு.
உடல் இல்லை.
சட்டையைக் கிழிக்கவேண்டும்,
ஏழு நாள் பதிந்த இருக்கையில் இருக்கவேண்டும்,
பத்துப் பேர் கூடி ஒரு வேண்டுதல்.
அதில் சாவு என்ற சொல்லே இல்லையாம்.
ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவுவரை தேடினாலும்
பத்துக்கு ஒன்பது குறைகிறது.
அதுகூடப் பரவாயில்லை.
உடல் வராவிட்டால்
எந்த நாளை முதல் நாளாக எண்ணுவது?

பதில் வந்த நேரம் கரண்ட் இல்லை.
ஓர் உறுதியின் எல்லைகளை வாசித்துக்கொண்டிருந்தேன்,
வடக்கே ஒழுங்கை, கிழக்கே பாலைமரம்.
நவோமி எழுதியிருந்தாள்:
இனிக் கிடைக்காது என்று
வீட்டார் மனம்விட்ட நாளிலிருந்து.

அன்று பின்னேரம் வழமைபோல
தகரக் கொட்டிலடியில் ஸ்கூட்டியை நிறுத்தினேன்.
பெர்னதெத் எனக்கு இரண்டு வகுப்பு மேல்.
மடியில் படம், வெயிலில் நீலம் மட்டும் மிஞ்சிய படம்.
கதை எங்க மட்டில நிக்குது, என்றாள்.
அவன்ரை தம்பி கடலில போயிட்டான்.
பொடி?
வரேல்லை. ஏழு நாள் பதிஞ்ச கதிரையில இருக்கிறவையாம்,
எப்ப எண்டால்...
மிச்சத்தை நான் சொல்லவில்லை.
படத்தின் பிளாஸ்ரிக் ஓரத்தை
நகத்தால் ஒட்டிக்கொண்டிருந்தவள் சொன்னாள்:
அப்ப அவனை இருத்திப்போடாதை.

இருக்கை அறையில் கிடக்கிறது.
யோனா நிற்கிறான். மூன்று கிழமையாக நிற்கிறான்.
கொப்பியின் கடைசித் தாளில்
நவோமியிடம் கேட்க இரண்டு கேள்வி.
மனம்விட்டு, ஏழு நாளும் இருந்து முடிந்தபின்
ஒருவன் படலையைத் திறந்து வந்தால்
அந்த நாட்களுக்கு என்ன பெயர்?
மற்றது, கருவாடு. செதிளைச் சீவிக் காயவைத்ததை
அவன் எப்படி நம்பி வாங்குவான்?